கடைமடையிலிருந்து ஃபேண்டஸி எழுதுவது

ஃபேண்டஸி எழுத ஆசைப்பட்டு வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது: உங்கள் உலகத்தில் மந்திரம் யாருக்குக் கிடைக்காது? மந்திரம் என்னவெல்லாம் செய்யும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பார்கள். இதற்குப் பதில் இருக்காது.

நான் தலைஞாயிறு பக்கம், கடைமடைக்காரி. மேட்டூர் அணையில் வழக்கப்படி ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தாலும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வழியெல்லாம் வயலை நனைத்த மிச்சம்தான் எங்களுக்கு. என் நாவலில் மந்திரச் சொல்லும் அப்படித்தான் இறங்கி வருகிறது. மேலூர்க்காரர் சொல்லி முடித்தால்தான் கீழூரில் பலிக்கும். கடலோரம் வரும்போது கடைசி எழுத்து தேய்ந்துபோயிருக்கும். அந்தக் குறைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒருத்தி பிள்ளையின் காய்ச்சலை இறக்கப் பார்க்கிறாள். கதை பிடித்துக்கொண்டது அங்கேதான்.

ஆகவே விதியை ஒரே வரியில் எழுதுங்கள். மீறினால் என்ன ஆகும் என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள். பூம்புகாரின் நாற்சந்தியில் இருந்த சதுக்கப் பூதத்தைப் பற்றிச் சிலப்பதிகாரம் சொல்வதைப் பாருங்கள்: போலித் தவசி, பொய்ச்சாட்சி, புறங்கூறுபவர் போன்றோரைப் பாசக்கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும், குரல் நான்கு காதம் கேட்கும். யாரை, எதனால், எவ்வளவு தூரத்துக்கு என்பதெல்லாம் தீர்மானமாக இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

மாயத்தைச் சுற்றியிருக்கும் சாதாரண வேலைகள் பிசகவே கூடாது. வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டால் வைக்கோற்பிரியைத் திணித்து, மேலே களிமண் போட்டு மிதிப்பார்கள். முதலில் சலசலப்பு அடங்கும். கசிவு பிறகுதான் நிற்கும். இதைச் சரியாக எழுதிவிட்டால், அடுத்த வரியில் அந்த உடைப்புக்குள்ளிருந்து ஒரு கை நீண்டாலும் வாசகர் நம்புவார்.

பிழைப்புக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன், விடியற்காலை எழுத்துக்கு.

ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் போடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை போடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமை உங்கள் ஆயுளுக்கும், அதற்குப்பின் 60 ஆண்டுக்கும் உண்டு. அதை 'எல்லா உரிமையும், நிரந்தரமாக' என்ற ஒற்றை வாக்கியத்தில் கொடுத்துவிடாதீர்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், சினிமா எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். ஃபேண்டஸிக்காரர்கள் இன்னொரு வரியையும் கேட்டு வாங்குங்கள்: அடுத்த பாகங்களும், அதே உலகத்தில் நடக்கும் வேறு கதைகளும் ஆசிரியருக்கே சொந்தம்.