மருத்துவப் பதிவு மென்பொருள்: திரை வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனை மென்பொருள் செய்யப் புதிதாக வருபவர்களின் முதல் வரைவுகளில் அதே பழைய தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்து சிறியது, பொத்தான் தெரியவில்லை என்பதெல்லாம் பயன்பாட்டுக்கு வந்த மறுநாளே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துறைவாரியாகத் திரையைப் பிரிப்பது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஆய்வகத்துக்கு ஒரு டேப், மருந்துக்கு ஒன்று, செவிலியர் குறிப்புக்கு ஒன்று. தரவுத்தளத்தில் அட்டவணைகள் அப்படி இருப்பதால் திரையும் அப்படியே வந்துவிடுகிறது. டாக்டருக்கோ மனதில் ஓடுவது ஒரு கேள்வி: சிறுநீரகம் ஏன் மோசமாகிறது? அதற்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் தடுமாறுவதன் அறிகுறி), சிறுநீர் அளவு, ரத்த அழுத்தம், கொடுத்துவரும் வலி மருந்து நான்கும் ஒருசேர வேண்டும்.

ஒரு வார்டில் இரவுப் பணி டாக்டர் டேப் டேப்பாகத் தாவி, எண்களைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டிருந்தார். கிரியேட்டினின் நேற்றுக் காலை 0.7, இன்று 1.1. இயல்பு வரம்புக்குள் இருந்ததால் திரையில் சிவப்பு வரவில்லை. ஆனால் 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலே திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்கிறது கேடிஐஜிஓ (KDIGO) என்ற சர்வதேச சிறுநீரக நல அமைப்பின் 2012 வழிகாட்டுதல். வேறொரு டேப்பில், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மருந்தான டைக்ளோபினாக் தொடர்ந்துகொண்டிருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது அந்தச் சீட்டில்தான். நல்லவேளை, அவருக்கு எழுத நேரம் இருந்தது.

நோயாளியின் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, குறிப்பையும் சிகிச்சைத் திட்டத்தையும் அந்தந்தப் பிரச்சினையின் கீழ் எழுத வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968லேயே எழுதிவிட்டார். அதற்காக ஓரத்தில் 'பிரச்சினைப் பட்டியல்' என்று ஒரு பெட்டி வைத்துவிட்டால் ஆயிற்றா? அதில் ஒன்றைத் தொட்டால் தொடர்புடைய முடிவுகளும் மருந்துகளும் ஒரே நேரக்கோட்டில் விரிய வேண்டும். எதை எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லையா? வார்டுக்குப் போய், டாக்டர்கள் சீட்டில் எதையெதைச் சேர்த்து எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை

மூடி மூடியே பழகிய கை, பென்சிலின் ஒவ்வாமை எச்சரிக்கையையும் படிக்காமல் மூடிவிடும். உயிருக்கு ஆபத்தானதற்கு மட்டும் குறுக்கே வாருங்கள்.

நேற்றைய குறிப்பை நகலெடுப்பது

குழாயை எடுத்த பிறகும் 'சிறுநீர்க் குழாய் உள்ளது' என்ற வரி நாள்தோறும் தொடரும். நகலெடுத்த வரி வேறு நிறத்தில் தெரியட்டும்.

எல்லாக் கட்டங்களையும் நிரப்பக் கட்டாயப்படுத்துவது

'தெரியவில்லை' என்று பதிவிட வழி வையுங்கள். இல்லாவிட்டால் பொய்தான் பதிவாகும்.