வாத்தியத்தைத் தொடாமல் உதட்டுத் தசைகளைப் பலப்படுத்துவது எப்படி? பிராஸ் கற்பவர்களுக்கான தொடக்கப் பயிற்சி

டிரம்பெட், டிரோம்போன், ஃபிரெஞ்ச் ஹார்ன், டியூபா என்று பிராஸ் வகை (உதட்டை அதிரவிட்டு ஊதும் பித்தளைக் குழல்) வாத்தியங்களில் எதைக் கற்கத் தொடங்கினாலும் முதல் சில மாதங்களில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மூச்சு இருக்கிறது, விரலும் ஓடுகிறது, ஆனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உதடு கைவிட்டுவிடுகிறது. மேல் ஸ்வரங்கள் முதலில் போகும். எப்படியாவது அவற்றை வரவழைக்கலாம் என்று மவுத்பீஸை (வாத்தியத்தில் உதடு வைக்கும் கிண்ண வடிவப் பகுதி) உதட்டில் இன்னும் அழுத்துவோம். அந்த அழுத்தமே மிச்சமிருக்கும் தெம்பையும் தீர்த்துவிடும்.

கீழே உள்ள பயிற்சிகளுக்கு வாத்தியம் வேண்டாம். பயணம், தேர்வுக் காலம், சத்தம் போட முடியாத வீடு என்று வாத்தியத்தை வெளியே எடுக்க வழியில்லாத நாட்களுக்கு இவை நன்றாக உதவும். ஆனால் வாசிப்புக்கு இவை மாற்று ஆகாது. காதும் மூச்சும் உதடும் ஒன்றாக வேலை செய்யப் பழகுவது வாசிக்கும்போது மட்டும்தான் நடக்கும். இங்கே நாம் வளர்க்கப்போவது பிடிமானத்தை மட்டும்.

எந்த இடத்துக்குப் பலம் வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ளாமல் பயிற்சியில் இறங்கினால் தவறான இடத்தைப் பலப்படுத்திவிடுவோம். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சுருதி சேர்க்கப் பயன்படும் ஏ ஸ்வரத்தின் அதிர்வெண் 440 ஹெர்ட்ஸ். அதை வாசிக்கும்போது உங்கள் உதடுகள் நொடிக்கு 440 முறை திறந்து மூடுகின்றன. உடம்பில் எந்தத் தசையாலும் அந்த வேகத்தில் சுருங்கி விரிய முடியாது. அந்த வேலையைச் செய்வது காற்று. உதடுகளைச் சரியான இடத்தில், சரியான இறுக்கத்தில் பிடித்து வைப்பது மட்டுமே தசையின் பொறுப்பு. ஆகவே மவுத்பீஸுக்குள் இருக்கும் நடு உதடு இளக்கமாக இருக்க வேண்டும். பிடிப்பு கடைவாயில் இருக்க வேண்டும்.

கையை நன்றாகக் கழுவிவிட்டு இதைச் செய்து பாருங்கள். கடைவாய்க்குச் சற்று வெளியே, கன்னத்தின் உட்பக்கம் கட்டைவிரலையும் வெளிப்பக்கம் ஆள்காட்டி விரலையும் வைத்து லேசாகப் பிடியுங்கள். இப்போது உதட்டைக் குவித்து 'ஊ' என்று சொல்லுங்கள். விரல்களுக்கு நடுவே சின்ன முடிச்சு ஒன்று திரள்வது தெரியும். வாயைச் சுற்றி ஓடும் வட்டத் தசை, கன்னத்துக்குள் கிடையாக வரும் தசை, மேலிருந்து இறங்குவது, மோவாய்ப் பக்கத்திலிருந்து ஏறுவது என்று பல தசைகள் பின்னிக்கொள்ளும் இடம் அது. உதடு சோர்ந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் சோர்ந்துபோவது இந்த இடம்தான்.

படி 1: கண்ணாடி முன் வாயமைப்பு

'ம்' என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். இரண்டு உதடுகளும் உள்ளே மடங்காமல், வெளியே பிதுங்காமல் இயல்பாகத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் பற்களை மட்டும் கொஞ்சம் விலக்குங்கள். அடுத்து, உதட்டை அசைக்காமல் கடைவாய் இரண்டையும் கோரைப் பற்களை நோக்கி உள்ளே அழுத்துங்கள். சிரிப்பது போலப் பின்னால் இழுக்கக் கூடாது.

மோவாயைப் பாருங்கள். அது தட்டையாக, கீழ்நோக்கி நீண்டு இருக்க வேண்டும். தோல் சுருங்கி மேலே ஏறினால் கீழுதட்டைத் தாங்க மோவாய் முட்டுக் கொடுக்கிறது என்று பொருள். தொடங்குபவர்களில் நிறையப் பேருக்கு இது உண்டு. ஒரு விரலை மோவாயில் வைத்துக்கொண்டு, அது ஏறாமல் கடைவாயை மட்டும் இறுக்கப் பழகுங்கள். ஐந்து நொடி பிடித்து, ஐந்து நொடி விட்டு, பத்து முறை. இது சுலபமாக வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். தப்பான அமைப்பில் செய்யும் பயிற்சி அந்தத் தப்பைத்தான் பலப்படுத்தும்.

படி 2: தளர்த்துதல்

குதிரை மூச்சு விடுவது போல உதடுகளைத் தளர விட்டு 'ப்ர்ர்ர்' என்று படபடக்க விடுங்கள். நான்கைந்து முறை போதும். பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் நடுவிலும் இதை ஒரு முறை செய்துகொள்ளுங்கள். இறுக்கக் கற்கிற தசை விடவும் கற்க வேண்டும்.

படி 3: பென்சில்

பிராஸ் வாசிப்பவர்களிடையே ரொம்ப காலமாகப் புழங்கிவரும் பயிற்சி இது. முனை சீவாத, இலேசான பென்சில் ஒன்று போதும். படி 1-இல் பழகிய அதே வாயமைப்பில், பென்சிலின் நுனியை மட்டும் உதடுகளுக்கு நடுவே வையுங்கள். பல் அதைத் தொடவே கூடாது. பென்சில் நேர் முன்னால், தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சில நொடிகளிலேயே கடைவாய்ப் பக்கம் லேசாகச் சூடேறுவது போலத் தெரியும். அது சரியான இடம். நடு உதடு மட்டும் வலித்தால் உதட்டால் கவ்விப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். எடுத்துவிட்டு அமைப்பைத் திருத்தி மறுபடி வையுங்கள். முதல் வாரம் 15 நொடி பிடித்து 30 நொடி ஓய்வு, மூன்று முறை. கடைவாய் நடுங்கத் தொடங்கியதும் அல்லது பென்சில் முனை கீழே சரியத் தொடங்கியதும் அந்தச் சுற்று முடிந்தது. நொடிக் கணக்கு மிச்சமிருந்தாலும் எடுத்துவிடுங்கள். தசை தளர்ந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தால் மோவாயும் கழுத்தும் உதவிக்கு வந்துவிடும், நாம் படி 1-இல் கற்றது வீணாகும்.

வாரத்துக்கு ஐந்து நொடி கூட்டினால் போதும். ஒரு நிமிடம் நிதானமாகப் பிடிக்க முடிந்தால் தொடங்குபவருக்கு அது மிக நல்ல நிலை. பென்சிலில் எடை கட்டுவதையும், உதட்டுக்கென்றே விற்கும் எடைக் கருவிகளையும் நான் ஆரம்பத்தில் பரிந்துரைப்பதில்லை. கை கால் தசைகள் எலும்பை இழுக்கின்றன. முகத் தசைகளில் பல தோலோடுதான் இணைந்திருக்கின்றன. அவை சிறியவை, மென்மையானவை. பளுவை விட நேரமும் நிதானமும்தான் அவற்றுக்குப் பொருந்தும்.

படி 4: பொத்தானும் நூலும்

ஒரு அங்குலத்துக்குக் குறையாத தட்டையான பொத்தானில் கெட்டியான நூலைக் கட்டுங்கள். பொத்தானைக் கழுவி, பற்களுக்கு முன்னால், உதட்டுக்குப் பின்னால் வையுங்கள். உதட்டை மூடி, நூலை மெதுவாக முன்னால் இழுங்கள். பொத்தான் வெளியே வராதபடி உதடு தாங்க வேண்டும். பத்து நொடி, மூன்று முறை. வட்டத் தசை முழுவதும் சீராக வேலை செய்யும். நூல் எப்போதும் கையில் இருக்கட்டும், படுத்துக்கொண்டு செய்ய வேண்டாம், சிறு பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம். பல்லில் கம்பி போட்டிருப்பவர்கள் இந்தப் படியை விட்டுவிடலாம்.

படி 5: சுவரில் காகிதம்

உள்ளங்கை அளவுக்கு ஒரு மெல்லிய காகிதத்தைக் கிழித்துச் சுவரில் வைத்துப் பிடியுங்கள். வாயை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு ஊதத் தொடங்கி, கையை எடுங்கள். ஊதும் காற்றே காகிதத்தைச் சுவரோடு நிறுத்தி வைக்க வேண்டும். கடைவாய் இறுக்கமாகவும் நடுவில் உள்ள சிறு திறப்பு இளக்கமாகவும் இருந்தால்தான் காற்று ஒரே கோடாகப் போகும். கன்னம் உப்பினாலோ ஒரு பக்கம் காற்று கசிந்தாலோ காகிதம் உடனே நழுவிவிடும். இந்தப் படிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் சரியாகச் செய்கிறோமா இல்லையா என்பதைக் காகிதமே காட்டிவிடுகிறது. தலை சுற்றினால் உட்கார்ந்து இயல்பாக மூச்சு விடுங்கள். மூன்று நான்கு முறைக்கு மேல் வேண்டாம்.

படி 6: உதட்டு அதிர்வு

மவுத்பீஸ் இல்லாமல் 'பஸ்' (buzz) செய்வது, அதாவது உதடுகளை மட்டும் அதிரவிட்டு ஒலி எழுப்புவது பற்றி ஆசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மவுத்பீஸின் விளிம்பு தாங்காதபோது உதடு வேறு விதமாக அதிர்கிறது, அதனால் கூடுதல் இறுக்கம் பழகிவிடும் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். அது நியாயமானதுதான். என் கணக்கில் பத்து நொடி அளவில், நடுத்தர அல்லது கீழ் ஸ்வரத்தில், ஒரு நாளைக்கு மூன்று முறை செய்வதில் கேடு இல்லை. மேல் ஸ்வரங்களுக்கு இதில் முயல வேண்டாம்.

மவுத்பீஸ் கைவசம் இருந்தால் அது இன்னும் நல்லது. அதன் தண்டின் கடைசியை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் அதிகம் அழுத்த வராது. தெரிந்த ஒரு மெட்டை மெதுவாக ஊதுங்கள். அப்புறம் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே ஒலியை இழுத்துக்கொண்டு போங்கள். இடையில் ஒலி அறுந்தால் அந்த இடத்தில் கடைவாய் விட்டுப்போகிறது.

எப்போது, எவ்வளவு?

எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாளாக. வாசிக்கும் நாளாக இருந்தால் வாசித்து முடித்துச் சில மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். வாசிப்பதற்கு முன்னால் செய்யவே கூடாது. சோர்ந்த உதட்டோடு வாத்தியத்தை எடுத்தால் மறுபடி அழுத்தத்தில்தான் போய் நிற்போம். தசை பலப்படுவது பயிற்சியின்போது அல்ல, அதற்குப் பிந்தைய ஓய்வில். முதல் சில வாரங்களில் தெரியும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்புகள் தசையை ஒழுங்காக இயக்கப் பழகுவதால் வருவது. அதனால் இரண்டாவது வாரமே நன்றாக வருகிறதே என்று நேரத்தை இரட்டிப்பாக்கிவிடாதீர்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

சோர்வும் வலியும் ஒன்றல்ல. கடைவாயில் சூடும் நடுக்கமும் சோர்வு. சில நிமிடத்தில் சரியாகிவிடும். உதடு வீங்குவது, மரத்துப்போவது, ஒரே இடத்தில் சுருக்கென்று குத்துவது, மறுநாளும் பிடிப்பு வராமலிருப்பது ஆகியவை வேறு. உதட்டில் வெடிப்போ கொப்புளமோ இருந்தாலும், முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யாததுபோல் தோன்றினாலும் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

டிரம்பெட் மேதை லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு உதட்டுக் காயம் நெடுநாள் தொல்லையாக இருந்தது. வாசிப்பையே சில காலம் நிறுத்தி வைக்கவும் நேர்ந்தது. டிரம்பெட் வாசிப்பவர்களின் வட்டத் தசை கிழிந்துபோவதைப் பற்றி 1982-இல் வெளியான மருத்துவக் கட்டுரை, அந்த நிலைக்கு அவருடைய பட்டப்பெயரான 'சாட்ச்மோ'வையே சூட்டியது. தொடங்குபவர்களுக்கு அந்த அளவுக்கு வருவது அரிது. ஆனாலும் வலியைத் தாங்கிக்கொண்டு வாசிப்பது தீவிரமான உழைப்புக்கு அடையாளம் என்ற நினைப்பு மட்டும் யாருக்கும் வேண்டாம்.

மறுபடி வாத்தியத்தை எடுக்கும்போது

முதல் ஐந்து நிமிடம் நடுத்தர ஸ்வரத்தில், மெல்லிய ஒலியில், நீளமாக ஊதுங்கள். நாக்கால் தட்டாமல் மூச்சால் மட்டும் தொடங்கினால் ஒலி உடனே எழுகிறதா என்று கேளுங்கள். உடனே எழுந்தால் பயிற்சியின் அளவு சரி. காற்று மட்டும் வந்து ஒலி தாமதமாக எழுந்தால் நடு உதடு இறுகிக் கிடக்கிறது: அந்த வாரம் பென்சிலையும் பொத்தானையும் ஒதுக்கி வைத்துவிட்டு, தளர்த்துதலும் காகிதமும் மட்டும் செய்யுங்கள்.