சினைப்பையை எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் போய்விடுமா? சுண்டெலி மார்பகக் கட்டி ஆய்வில் செய்யக்கூடாத தவறுகள்

பெண் சுண்டெலிகளுக்கு இளம் வயதிலேயே சினைப்பையை எடுத்துவிட்டால் மார்பகக் கட்டி வருவது வெகுவாகக் குறைகிறது என்று 1916-இல் அமெரிக்காவில் ஏபி லாத்ரோப்பும் லியோ லோபும் காட்டினார்கள். 1932-இல் பாரிஸில் அந்துவான் லகசாஞ், சினைப்பையில் சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஆண் எலிகளுக்கே ஊசி போட்டுக் கட்டியை வரவழைத்தார். இந்த இரண்டையும் படித்த மாணவர் மனதில் 'ஈஸ்ட்ரோஜன் இருந்தால் கட்டி, இல்லாவிட்டால் இல்லை' என்று பதிந்துவிடுகிறது. பல தவறுகளுக்கு வேர் இதுதான்.

முதலில் வைரஸை மறந்துவிடுகிறோம். கட்டி அதிகம் வரும் வம்சத்துக் குட்டிகளை, கட்டி அரிதான வம்சத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டால் நோய் குறைகிறது என்று 1936-இல் ஜான் பிட்னர் கண்டார். பாலில் வந்தது ஒரு வைரஸ் என்பது பிறகு தெரிந்தது. அந்த வைரஸின் மரபணுக்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி, புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு பெண் ஹார்மோனுக்கும் மன அழுத்தத்தில் சுரக்கும் ஸ்டீராய்டுகளுக்கும் நேரடியாகவே கட்டுப்படும். இன்றைய மரபணு மாற்றிய எலிகள் பலவற்றில் புற்றுநோய் மரபணுவை இயக்குவதும் இதே பகுதிதான். இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு மருந்து கொடுத்தபின் கட்டி சுருங்கினால், மருந்து கட்டியைத் தாக்கியிருக்கலாம். நீங்கள் புகுத்திய மரபணுவின் சுவிட்சை மட்டும் அணைத்திருக்கவும் கூடும். அந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள்.

அடுத்தது தலைப்பில் உள்ள கேள்வி. டிபிஏ போன்ற சில வம்சங்களில், பிறந்த சில நாட்களிலேயே சினைப்பையை எடுத்தால், மாதங்கள் கழித்து, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி தடித்து, அதுவே ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கும். அறுவை சரியாகத்தான் நடந்திருக்கும், ஹார்மோன் மட்டும் வேறு வாசல் வழியாக வந்திருக்கும். இதைப் பிடிக்க எளிய வழி கருப்பை. ஆய்வு முடிவில் அதை வெளியே எடுத்து எடை போடுங்கள். நூல் போல மெலிந்து வெளிறிக் கிடந்தால் சரி. இளஞ்சிவப்பாகப் பருத்திருந்தால் எங்கிருந்தோ ஈஸ்ட்ரோஜன் வருகிறது.

கூண்டை யாரும் ஒரு காரணியாக நினைப்பதில்லை. பெண் எலிகளை மட்டும் கூட்டமாக வைத்தால் சினைச் சுழற்சி தடுமாறும். 1950-களிலேயே ஆம்ஸ்டர்டாமில் வான் டெர் லீயும் போட்டும் கவனித்தது இது. அருகில் ஆண் எலியின் சிறுநீர் வாசனை பட்டால் சுழற்சி மறுபடி தொடங்கிவிடும். ஆகவே சிகிச்சைக் குழுவை ஒரு அடுக்கிலும் ஒப்பீட்டுக் குழுவை ஆண் எலிகளுக்குப் பக்கத்திலும் வைத்தால் ஒப்பீடே கெட்டுவிடும். ஒரு சொட்டு உப்புநீரில் யோனிக் கழுவல் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். உட்கரு இல்லாத, ஓரம் மடிந்த தட்டைச் செல்கள் செதில் செதிலாக நிறைந்திருந்தால் அது சினைப்பருவம். சுழற்சி நாலைந்து நாள்தான், தினமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

தீனியும் அப்படித்தான். சாதாரண எலித் தீனியில் சோயா இருக்கும், சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போல நடக்கும் ஜெனிஸ்டீன் இருக்கும். ஆய்வின் நடுவில் தீனி மூட்டையை மாற்றாதீர்கள்.

எலியில் கண்டதை அப்படியே பெண்களுக்குப் பொருத்துவதும் தவறு. மனிதர்களில் இளம் வயதுப் பிரசவம் நீண்ட காலத்தில் ஆபத்தைக் குறைக்கிறது. வைரஸ் உள்ள எலிகளிலோ அடுத்தடுத்த கர்ப்பம் கட்டியைச் சீக்கிரம் கொண்டுவருகிறது. மனித மார்பகப் புற்றில் பெரும்பகுதிக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஈஸ்ட்ரோஜனை உணரும் புரதம், உண்டு. எலிக் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை.

அதனால்தான் பலர் எம்சிஎஃப்-7 என்ற, ஏற்பி உள்ள மனித மார்பகப் புற்றுச் செல்களை எலிக்குள் வளர்க்கிறார்கள். எலியின் சொந்த ஈஸ்ட்ரோஜன் அதற்குப் போதாது என்பதால் தோலுக்கடியில் ஈஸ்ட்ரோஜன் வில்லை வைக்கிறோம். அளவு கூடினால் சிறுநீர் அடைத்துப் பை வீங்கும், கல்லும் வரும். பாவம், எலி வலியில் முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். எடை குறைந்ததைக் கட்டியின் கணக்கில் எழுதுவதற்கு முன், அதன் அடிவயிற்றை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்.