டாங்க் டிஸ்ட்ராயர் (எதிரி டாங்குகளை அழிக்கவென்றே செய்த பீரங்கி வண்டி) ஒன்றை டாங்க் போர் வீடியோ கேமில் சேர்க்கச் சொல்லி டெவலப்பருக்கு எழுதப் போகிறீர்களா?

பீரங்கியின் பெருமையை எழுதுவதோடு பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். எதையும் துளைக்கும், உடனே சேருங்கள் என்று நாலு வரி. அது டெவலப்பருக்குப் போதாது. டாங்க் டிஸ்ட்ராயர் என்றாலே பெரிய பீரங்கிக்காக வேறு எதையோ விட்டுக்கொடுத்த வண்டிதான், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

பிரிட்டனின் ஆர்ச்சரைப் பாருங்கள். பல கேம்களில் ஏற்கெனவே இருப்பதால் மாதிரிக்கு வசதி. சின்ன வேலன்டைன் டாங்கின் அடிப்பாகத்தில் 17 பவுண்டர் என்ற நீளமான டாங்க் எதிர்ப்புப் பீரங்கியை ஏற்ற வேண்டியிருந்தது, முன்னோக்கி வைத்தால் குழல் ஏகத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் என்று பின்பக்கம் பார்த்தபடி வைத்துவிட்டார்கள். கூரை இல்லை, குழல் பக்கவாட்டில் கொஞ்சம்தான் திரும்பும், வேகம் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர். சரி, இது கேமில் எப்படி இருக்கும்? பதுங்கும் இடத்துக்கு ரிவர்ஸ் கியரில் ஊர்ந்து போய் நிற்க வேண்டும், ஆனால் சுட்ட கையோடு முன் கியரைப் போட்டு முழு வேகத்தில் கிளம்பிவிடலாம். இப்படி ஒரு வாக்கியம் உங்கள் பரிந்துரையில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது எண்கள். இங்கேதான் அதிகம் சொதப்புவார்கள். பிரிட்டிஷ் ஆவணத்தில் 1000 என்றிருந்தால் அது பெரும்பாலும் கெஜம், அதாவது 914 மீட்டர். அவர்களுடைய டன் 1016 கிலோ. கவசத்தைத் துளைக்கும் அளவைக் குறிக்கும்போது தகடு நேராக நின்றதா, 30 டிகிரி சாய்ந்திருந்ததா, எந்த வகைக் குண்டு என்பதையும் கூடவே எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நாட்டுப் பீரங்கிகளை ஒப்பிடுவதில் அர்த்தமே கிடையாது.

வண்டி உண்மையில் எந்தக் கட்டம் வரை வந்தது என்பதையும் மறைக்காதீர்கள். எண்ணிக்கை குறைவு என்பது குறையில்லை: ஜெர்மனியின் ஸ்டூரர் எமில் இரண்டே இரண்டுதான் செய்தார்கள், அதுவும் போர்முனைக்குப் போனது. வரைபடத்தோடு நின்ற வண்டி என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள், எஞ்சின் சக்தி உங்கள் ஊகம் என்றால் ஊகம் என்றே போடுங்கள்.

சில வண்டிகளில் வரலாறே கேமுக்கு இடைஞ்சலாக இருக்கும். இத்தாலியின் செமோவென்டே 90/53 உள்ளே கொண்டுபோன குண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, மீதியைச் சுமக்க L6 என்ற சின்ன டாங்கை மாற்றிச் செய்த துணை வண்டி ஒன்று கூடவே வரும். குண்டு எண்ணிக்கையை உயர்த்துங்கள் என்று கேட்பதைவிட, குண்டு நிரப்பும் இடத்துக்கு அடிக்கடி போக வேண்டிய வண்டியாகவே விட்டு ரீலோட் நேரத்தில் சலுகை கேட்பது நல்லது என்பது என் கட்சி.

அப்புறம் படங்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டியின் போட்டோவை மட்டும் நம்ப வேண்டாம், பழுதுபார்த்தபோது பாகங்களை மாற்றியிருக்கலாம். போர்க்காலப் படம் ஒன்றையும் அளவு குறித்த வரைபடம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, மாடல் செய்பவர் எதைப் பின்பற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டிவிடுங்கள்.