கீபோர்டையும் மவுஸையும் விட்டு மாறும்போது

மணிக்கட்டு வலி வந்தவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: "இனி எல்லாம் குரலில்தான்" என்று ஒரே நாளில் கட்சி மாறிவிடுவார்கள். நாள் முழுக்க ஒரே குரலில் கணினியிடம் பேசிக்கொண்டிருந்தால் அடுத்து மக்கர் செய்வது தொண்டை. வேலையைப் பிரித்துக் கொடுங்கள். நீளமான எழுத்துக்குக் குரல், சுட்டியை நகர்த்த டிராக்பால் (இருந்த இடத்திலேயே விரலால் உருட்டும் பந்து), கிளிக் செய்ய கால் பெடல். மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968இல் அதை மேடையேற்றியபோதே அவருடைய இடது கைக்கு ஐந்து விசை கொண்ட தனிப் பலகை இருந்தது. எல்லாம் ஒன்றாலேயே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இல்லை.

குரல் தட்டச்சில் இன்னொன்று. சொல் சொல்லாக நிறுத்திப் பேசாதீர்கள். முன்பின் சொற்களை வைத்துத்தான் மென்பொருள் ஊகிக்கிறது. முழு வாக்கியமாகப் பேசினால் பிழை குறையும்.

கண்ணால் இயக்கும் கருவியில் தொல்லையே வேறு. கண் பார்ப்பதற்கும் வேண்டும், தேர்வு செய்யவும் வேண்டும். தொட்டதெல்லாம் பொன்னான மைதாஸ் கதைபோல, பார்த்ததெல்லாம் கிளிக் ஆகிவிடும். அதனால்தான் ஓரிடத்தில் பார்வை இவ்வளவு நேரம் நின்றால் மட்டுமே கிளிக் என்று ஒரு காத்திருப்பு நேரம் வைத்திருக்கிறார்கள். வேகம் வேண்டும் என்று முதல் நாளே அதைக் குறைத்துவிட்டு, அப்புறம் கருவியைத் திட்டுவதில் நியாயமில்லை. நாற்காலியை நகர்த்தினால், கண் எங்கே பார்க்கிறது என்று கருவிக்குப் பழக்கும் அளவீட்டையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கலாம்.

சிலர் ஒற்றை சுவிட்ச் வைத்தே கணினியை இயக்குவார்கள்: திரையில் ஒரு தேர்வுக்கட்டம் எழுத்து எழுத்தாக நகரும், வேண்டிய இடத்துக்கு வரும்போது சுவிட்சை அழுத்துவார்கள். அவர்களுக்கு உதவி செய்கிறவர்கள் பண்ணும் தவறுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. பலமான தசையைத் தேடி சுவிட்சைப் பொருத்துவார்கள். தேவை பலம் அல்ல. களைக்காமல், நினைத்த நேரத்தில், திரும்பத் திரும்பச் செய்ய முடிகிற அசைவு. ஸ்டீபன் ஹாக்கிங்கின் கை தளர்ந்தபின் அவருக்குக் கைகொடுத்தது கன்னத் தசையின் சின்ன அசைவு. மூக்குக் கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி அதைப் பிடித்தது. தேர்வுக்கட்டம் நகரும் வேகத்தையும் உதவியாளர் தன் வேகத்துக்கு வைத்துவிடக் கூடாது. ஓர் எழுத்தைத் தவறவிட்டால், கட்டம் மறுபடி சுற்றி வரும்வரை சுவிட்சை இயக்குபவர் காத்திருக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்குமுன் கணினியிலேயே இருப்பதைப் பாருங்கள். விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஒரு பெட்டி வருமே, எரிச்சலோடு மூடுவோமே, அதுதான் ஸ்டிக்கி கீஸ். அதை இயக்கிவிட்டால் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டியதில்லை; நகலெடுக்க, கண்ட்ரோலைத் தட்டி விரலை எடுத்துவிட்டு அப்புறம் சியைத் தட்டலாம். ஒரே விரல் போதும்.