பைத்தான் எப்படி வளர்கிறது? கூடவே இருந்து பார்க்க ஒரு வழிகாட்டி

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபரில் பைத்தான் நிரல்மொழியின் புதிய பதிப்பு வருகிறது. வந்த வாரமே 'புதிதாக வந்த ஐந்து வசதிகள்' என்று வீடியோக்கள் குவிந்துவிடும். அவற்றைப் பார்த்தால் என்ன வந்தது என்று தெரியும். ஏன் வந்தது, யார் கேட்டார்கள், யார் எதிர்த்தார்கள், எது கேட்டும் வராமல் போனது என்பதெல்லாம் தெரியாது. இத்தனைக்கும் அந்தப் பேச்சுகள் எல்லாமே யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுவில்தான் இருக்கின்றன.

அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கான வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஃபங்ஷன், லூப், மாட்யூல் என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும். சி மொழி தெரிய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாவற்றையும் பின்தொடர முயலாதீர்கள். ஒரு நாளில் அங்கே நடக்கும் பேச்சை முழுதாகப் படிக்கவே அந்த நாள் போதாது. ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு, அது வெறும் யோசனையாக இருந்த காலத்திலிருந்து வெளியீடுவரை தொடர்ந்து போங்கள். மொழியின் போக்கு பிடிபட அதுதான் நேர்வழி.

படி 1: காலண்டரைத் தெரிந்துகொள்ளுங்கள்

பைத்தானில் எந்தப் பெரிய மாற்றமும் 'பெப்' என்ற ஆவணமாக எழுதப்பட்டுத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. பெப்ஸ்.பைத்தான்.ஆர்க் என்ற தளத்தில் எல்லாம் இருக்கின்றன. தேடுபொறியில் 'பெப்' என்று எண்ணோடு போட்டாலும் நேராக வந்துவிடும்.

அதில் பெப் 602 ஆண்டுச் சுழற்சியைச் சொல்கிறது. 2020 அக்டோபரில் வந்த 3.9-க்குப் பிறகு இதன்படிதான் எல்லாம் நடக்கிறது. முதலில் பல ஆல்ஃபா (ஆரம்பச் சோதனை) வெளியீடுகள். மே மாதம் முதல் பீட்டா. அன்றோடு புதிய வசதிகளுக்குக் கதவு மூடப்படும், அதன்பின் பிழைதிருத்தம் மட்டும்தான். பிறகு ரிலீஸ் கேண்டிடேட் (இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனை வடிவம்), அக்டோபரில் இறுதி வெளியீடு. 3.14-ஐ எடுத்துக்கொண்டால், முதல் பீட்டா 2025 மே 7, இறுதி வெளியீடு 2025 அக்டோபர் 7. ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி அட்டவணை பெப் இருக்கிறது. 3.14-க்கு அது பெப் 745.

ஒரு பதிப்புக்கு மொத்தம் ஐந்து ஆண்டு ஆயுள். 3.13 முதல், அதில் முதல் இரண்டு ஆண்டு பிழைதிருத்தங்கள், அடுத்த மூன்று ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். நீங்கள் பயன்படுத்தும் பதிப்பு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை பைத்தானை உருவாக்குபவர்களுக்கான டெவ்கைட் தளத்தில் உள்ள பதிப்புகளின் நிலை பற்றிய பக்கத்தில் பார்த்து வையுங்கள். வேலைக்கு உடனே உதவும் தகவல் அது.

படி 2: ஒரு பெப்பை முழுதாகப் படியுங்கள்

முதல் பெப்பாக எதைப் படிப்பது? பலரும் பெப் 8-ஐச் சொல்வார்கள். அது கோடு (நிரல்) எழுதும் நடைக்கான விதிமுறை. ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை அதில் பார்க்க முடியாது. தமிழில் படிக்கும் உங்களுக்கு நான் சொல்வது பெப் 3131.

பைத்தான் 3-ல் இப்படி எழுதலாம்:

வயது = 20
பெயர் = 'கயல்'

இது ஓடும். மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். இதற்கு வழிசெய்தது மார்ட்டின் ஃபான் லோவிஸ் 2007 மே மாதம் எழுதிய பெப் 3131தான். 2008 டிசம்பரில் வந்த 3.0-வில் சேர்ந்தது. அளவில் சின்னது, ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

திறந்ததும் மேலே ஒரு தலைப்புப் பட்டை தெரியும்: ஆசிரியர், நிலை, வகை, எழுதிய தேதி, எந்தப் பதிப்புக்கு. முதலில் 'நிலை' என்ன என்று பாருங்கள். டிராஃப்ட் என்றால் இன்னும் பேச்சில் இருக்கிறது. அக்செப்டட் என்றால் ஒப்புக்கொண்டாகிவிட்டது, வேலை முடியவில்லை. ஃபைனல் என்றால் மொழியில் சேர்ந்துவிட்டது. ரிஜெக்டட், வித்ட்ரான், டிஃபர்டு மூன்றும் முறையே மறுக்கப்பட்டது, எழுதியவரே விலக்கிக்கொண்டது, தள்ளிவைக்கப்பட்டது. டிராஃப்டில் இருக்கும் பெப்பைப் பார்த்துவிட்டு 'பைத்தானில் இது வரப்போகிறது' என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. இந்த ஒரு வரியைப் பார்த்தாலே அந்தக் குழப்பம் வராது.

அடுத்து, அதில் வரும் ஆட்சேபங்கள் பகுதிக்குப் போங்கள். 'அந்த எழுத்து தெரியாதவர்கள் அந்த லைப்ரரியை எப்படிப் பயன்படுத்துவார்கள்?' என்ற கேள்வி அங்கேயே எழுப்பப்பட்டுப் பதிலும் சொல்லப்பட்டிருக்கிறது. கூடவே ஒரு கட்டுப்பாடும் உண்டு: பைத்தானோடு சேர்ந்து வரும் லைப்ரரியில் பெயர்கள் ஆஸ்கி எழுத்துகளிலேயே (ஆங்கில எழுத்து, எண் போன்றவை) இருக்க வேண்டும். அதாவது, உங்கள் கோடில் உங்கள் மொழிக்கு இடம் உண்டு, உலகம் முழுக்கப் பகிரும் கோடில் பொதுவான எழுத்து. எனக்கு இது நியாயமான ஏற்பாடாகவே படுகிறது.

அந்தப் பெப்பில் ஒரு வரியை மட்டும் நின்று பார்ப்போம். பெயர்கள் எல்லாம் என்எஃப்கேசி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றப்பட்டு ஒப்பிடப்படும் என்கிறது. படிக்கும்போது கடந்துபோய்விடும் வரி. ஆனால் தமிழுக்கு இது முக்கியம். 'கொடு' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாறியின் பெயராக வந்தால் பைத்தான் இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். அதுவே மேற்கோளுக்குள் சரமாக (ஸ்ட்ரிங்) வந்தால் இரண்டும் வேறு வேறு! சோதித்துப் பாருங்கள்: யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி (குறிகளைச் சேர்த்து வைக்கும் வடிவம்), என்எஃப்டி (பிரித்து வைக்கும் வடிவம்) என்று இரண்டு விதமாகக் கொடுத்து 'கொடு'வை மாற்றி, இரண்டின் நீளத்தையும் எடுங்கள். ஒன்று 4, மற்றொன்று 5. சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். தமிழ்ச் சொற்களைத் தேடும் நிரலில் 'இருக்கிற சொல்லையே இல்லை என்கிறதே' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பல சிக்கல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

படி 3: மறுக்கப்பட்டதையும் படியுங்கள்

இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. ஆனால் ஒரு மொழியின் குணம் அது வேண்டாம் என்று சொன்னவற்றில்தான் அதிகம் தெரியும் என்பது என் எண்ணம்.

லூப்புக்குள் லூப் போட்டிருக்கிறீர்கள். உள்ளே இருந்து ஒரே தாவில் இரண்டையும் விட்டு வெளியே வர வேண்டும். பைத்தான் கற்கிற எல்லோருக்கும் ஒருநாள் இந்தத் தேவை வரும். ஜாவாவில் லூப்புக்கு ஒரு லேபிள் கொடுத்து வெளியேறலாம். பைத்தானில் ஏன் இல்லை? 2007-ல் இதைத்தான் பெப் 3136 கேட்டது. மொழியை உருவாக்கிய கைடோ ஃபான் ராசம் மறுத்துவிட்டார். இது கட்டாயம் தேவைப்படும் அளவுக்குச் சிக்கலான கோடு அபூர்வம் என்றார். அந்தப் பகுதியைத் தனி ஃபங்ஷனாக்கி ரிட்டர்ன் போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். புதிய வசதியைச் சேர்த்தாலோ மொழியின் சிக்கல் நிரந்தரமாகக் கூடும், அதைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களே அதிகமாக இருப்பார்கள்.

இதைப் படித்தபின் அடுத்த முறை அந்த நிலைமை வரும்போது, ஃபிளாக் மாறியை வைத்துக்கொண்டு போராடாமல் நேராக ஃபங்ஷன் எழுதுவீர்கள்.

புதிய பெப்களில் நிராகரித்த யோசனைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கும். நேரம் குறைவு என்றால் முன்னுரையையும் அந்தப் பகுதியையும் மட்டுமாவது படியுங்கள்.

படி 4: விவாதத்தைப் படிப்பது

தலைப்புப் பட்டையில் விவாதம் எங்கே நடக்கிறது என்பதற்கு இணைப்பு இருக்கும். இப்போது பெரும்பாலும் அது டிஸ்கஸ்.பைத்தான்.ஆர்க் தளத்துக்குப் போகும். நூற்றுக்கணக்கான பதிவுகள் இருந்தால் மலைத்துப் போக வேண்டாம். முதல் பதிவு, அப்புறம் பெப்பை எழுதியவரின் பதில்கள், அப்புறம் கடைசியில் வரும் முடிவு, இந்த மூன்றை மட்டும் படியுங்கள். எழுதியவர் எந்த இடத்தில் தன் முன்மொழிவை மாற்றிக்கொண்டார் என்று கவனியுங்கள். நல்ல ஆட்சேபம் எது என்று அங்கே தெரிந்துவிடும்.

முடிவெடுப்பது யார் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு கைடோவின் சொல்லே கடைசிச் சொல். 2018-ல் பெப் 572 வந்தது. ஒரு கோவைக்குள்ளேயே (எக்ஸ்பிரஷன்) மாறிக்கு மதிப்பு கொடுக்க := என்ற குறியைச் சேர்க்கும் முன்மொழிவு அது. விவாதம் கடுமையாகப் போனது. ஏற்றுக்கொள்ளப்பட்ட கையோடு, ஜூலையில் கைடோ முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். பைத்தானின் கோடைப் பராமரிக்கும் கோர் டெவலப்பர்கள் பல நிர்வாக முறைகளை முன்வைத்து வாக்களித்தார்கள். 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட முதல் ஸ்டீரிங் கவுன்சில் (வழிநடத்தும் குழு) அமைந்தது. கைடோவும் அதில் ஒருவராக இருந்தார். ஒவ்வொரு பெரிய பதிப்புக்குப் பிறகும் புதிதாகத் தேர்தல் நடக்கும். ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் கவுன்சிலில் இருக்கக் கூடாது. விதிகள் பெப் 13-ல் இருக்கின்றன. தனிமனிதர் ஒருவரை நம்பி இருந்த ஒரு மொழி, அவர் விலகிய சில மாதங்களில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொண்டு நிமிர்ந்து நின்றதை நான் பெரிய சாதனையாகப் பார்க்கிறேன்.

படி 5: கிட்ஹப்பில் ஒரு பிழையின் பின்னால் போங்கள்

பெரிய மாற்றத்துக்குத்தான் பெப். அன்றாட வேலை முழுக்க கிட்ஹப் என்ற கோடு பகிரும் தளத்தில், சிபைத்தானின் (நாம் வழக்கமாக நிறுவும் பைத்தான்) கோடு இருக்கும் ரெப்போவில் நடக்கிறது. நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு மாட்யூலின் பெயரைப் போட்டு, மூடப்பட்ட இஷ்யூக்களில் (பிழை, கோரிக்கைப் பதிவுகள்) தேடுங்கள். ஒன்றைத் திறந்தால் கீழே அதோடு இணைந்த புல் ரிக்வெஸ்ட் (கோடில் ஒரு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) இருக்கும். அதற்குள் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: கோடில் என்ன மாறியது, என்ன டெஸ்ட் சேர்ந்தது, நியூஸ் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பு ஓரிரு வரிதான் இருக்கும், ஆனால் பயன்படுத்துபவருக்குப் புரியும் மொழியில் இருக்கும். வெளியீட்டின்போது இவற்றையெல்லாம் தொகுத்துத்தான் மாற்றப் பட்டியல் தயாராகிறது.

மிஸ் இஸ்லிங்டன் என்ற பெயரில் நிறைய புல் ரிக்வெஸ்ட்கள் கண்ணில் படும். ஆள் இல்லை, பாட் எனும் தானியங்கி நிரல். புதிய கிளையில் சரிசெய்த பிழையைப் பழைய பதிப்புகளுக்கும் கொண்டுபோகிற வேலை அதனுடையது.

படி 6: ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

இதுவரை பழையவற்றில் பழகினீர்கள். இனி நடப்பில் உள்ள ஒன்று. எதை எடுப்பது என்று கேட்டால் பெப் 703 என்பேன்.

சிபைத்தானில் கில் (குளோபல் இன்டர்பிரட்டர் லாக்) என்ற பூட்டு உண்டு. எத்தனை த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை இழை) இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தான் கோடை ஓட்ட முடியும், சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அறை என்பதுபோல. எட்டு கோர் உள்ள கணினியிலும் இதே கதை. அதை எடுத்துவிட்டும் பைத்தானை உருவாக்கலாம் என்று 2023 ஜனவரியில் சாம் கிராஸ் முன்மொழிந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் கவுன்சில் ஏற்றுக்கொண்டது, ஆனால் கட்டம் கட்டமாகத்தான் வர வேண்டும், சரிவராவிட்டால் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 3.13-ல் சோதனை வடிவம். ஒரே த்ரெட்டில் ஓடும் நிரல்கள் அதில் சுமார் 40 சதவீதம் வேகம் குறைந்தன. 3.14-ல் அந்த இழப்பு 5 முதல் 10 சதவீதமாகச் சுருங்கியது. பெப் 779-ன்படி அதிகாரபூர்வ ஆதரவும் கிடைத்தது. ஆனாலும் அது தனியாக நிறுவ வேண்டிய வடிவம்தான். இதையே இயல்பான வடிவமாக்குவது மூன்றாவது கட்டம். அந்தப் பேச்சைத் தொடர்ந்து பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகள் இதற்கு எப்படித் தயாராகின்றன என்பதும் சேர்ந்தே தெரியவரும்.

படி 7: பீட்டாவை ஓட்டிப் பாருங்கள்

மே மாதம் முதல் பீட்டா வந்ததும் உங்கள் புராஜெக்ட்டை அதில் ஓட்டுங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ் என்றால் சிஸ்டத்தோடு வந்த பைத்தானைத் தொடவே வேண்டாம், சிஸ்டத்தின் கருவிகள் பல அதை நம்பித்தான் ஓடுகின்றன. பைஎன்வ் அல்லது டாக்கர் என்ற கருவி வழியாகத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது டெப்ரிகேஷன் எச்சரிக்கைகளை (பின்னால் நீக்கப்படவுள்ளவை பற்றியவை) காட்டச் சொல்லுங்கள். நீங்கள் நேரடியாக ஓட்டும் ஃபைலில் உள்ளவை தவிர மற்றவற்றைப் பைத்தான் இயல்பாக மறைத்துவிடும். பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியைப் பயன்படுத்தினால் கடைசியில் அவற்றைத் தொகுத்துக் காட்டும். அவை வெறும் இரைச்சல் இல்லை. டெல்நெட்லிப், சிஜிஐ முதலான 19 மாட்யூல்கள் 3.13-ல் நீக்கப்பட்டன. அவை போகப்போகின்றன என்று 2019-ல் எழுதப்பட்ட பெப் 594 சொல்லிவிட்டது, 2022-ல் வந்த 3.11 எச்சரிக்கையும் கொடுத்தது.

பீட்டாவில் ஏதாவது உடைந்தால், முதலில் உங்கள் கோடா, லைப்ரரியா, பைத்தானா என்று பிரித்துப் பாருங்கள். சிக்கலைப் பத்து வரிக்குள் சுருக்குங்கள், வெளி லைப்ரரி எதுவும் அதில் இருக்கக் கூடாது. முந்தைய பதிப்பில் என்ன வந்தது, இதில் என்ன வருகிறது என்று இரண்டையும் எழுதுங்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம், பீட்டாவின் எண் இரண்டையும் குறிப்பிடுங்கள். அதே சிக்கலை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடிவிட்டு, இல்லையென்றால் இஷ்யூ போடுங்கள். ஆகஸ்டுக்குள் போட்டால் அக்டோபர் வெளியீட்டுக்கு முன் சரிசெய்ய அவர்களுக்கு நேரம் இருக்கும்.