இறகு நட்சத்திரத்தின் எலும்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒருநாள் காலை, தர்மபுரியில் எங்கள் ஆய்வகக் கதவைத் திறந்ததுமே மூக்கில் பிளீச் நெடி ஏறியது. மேசைமேல் ஒரு பீக்கர், அடியில் வெள்ளை ரவை மாதிரி ஏதோ படிந்திருந்தது. "மண்டபம் கடற்கரையில இருந்து கொண்டாந்த இறகு நட்சத்திரம்ங்க சார், ராத்திரியே ஊற வெச்சுட்டேன்" என்றான் பையன், பாராட்டுவேன் என்று நினைத்து. திட்ட வாய் வரவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் நானும் அதைத்தான் செய்தேன்.

இறகு நட்சத்திரம் என்பது நட்சத்திர மீனின் உறவான ஒரு கடலுயிரி, கடல் அல்லி வகையைச் சேர்ந்தது. லேபிள் எழுது, கையுறை போடு என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முழு உயிரியையும் பிளீச்சில் போடுவது

இறகு நட்சத்திரத்தின் எலும்புக்கூடு முழுக்கக் கால்சைட் துண்டுகள். தசையும் நாரும் அவற்றைக் கோத்து வைத்திருக்கின்றன. பிளீச் அந்தக் கோர்வையைத் தின்றுவிடும். துண்டுகள் சுத்தமாக உதிரும். வேண்டியது அதுதானே என்று தோன்றும். ஆனால் இந்த உயிரிகளைப் பிரித்தறிவது துண்டின் வடிவத்தில் பாதி என்றால், அது இருந்த இடத்தில் மீதிப் பாதி.

அடியில் பொத்தான் மாதிரி இருப்பது சென்ட்ரோடார்சல். அதன் பக்கங்களில் உள்ள குழிகளில்தான் பாறையைப் பிடித்துக்கொள்ளும் சிறு கொக்கிக் கால்களான சிர்ரஸ்கள் பொருந்தியிருக்கும். மேலே ஐந்து ரேடியல்கள், அவற்றிலிருந்து கைகள். கையின் ஒவ்வொரு கணுவும் ஒரு பிரேக்கியல். பெரும்பாலான மூட்டுகளில் தசை உண்டு, அதனால் கை வளையும். சில இடங்களில் மட்டும் இரண்டு பிரேக்கியல்கள் தசையே இல்லாமல் நாரால் ஒட்டியிருக்கும். அது சிசிஜி. வெளியிலிருந்து பார்த்தால் புள்ளிக்கோடு போலத் தெரியும். பிரித்துப் பார்த்தால் முகத்தில் சக்கர ஆரம் போல வரிகள். ஆபத்தில் கையை உதறிவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 3ஆம், 4ஆம் பிரேக்கியல்கள் இப்படி ஒட்டியிருந்தால் 3+4 என்று எழுதுவோம். 3+4, 9+10, 14+15 என்பது பல இனங்களில் காணும் வரிசை. அது எங்கே மாறுகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. கையின் இருபுறமும் இறகு இழை போல நிற்கும் பின்னியூல்களும் அப்படித்தான்: முதலாவது நீளமா, இரண்டாவதா, எதில் எத்தனை கணு, எதன் நுனியில் சீப்புப் பற்கள்? ரவையாகக் கிடப்பதில் இதில் எதைச் சொல்ல முடியும்?

எனக்குக் கிடைத்திருந்தது வலையில் வந்த ஒரே ஒரு ஸ்பெசிமன். அதைக் கரைத்து முடித்த பிறகு, பெயர் தெரிய வேண்டும் என்று மூத்தவர் ஒருவருக்கு எழுதினேன். பதில் ஒரே வரியில் வந்தது: இரண்டாவது பின்னியூலில் எத்தனை கணு? என்னிடம் ஒரு குப்பி நிறையக் கணு இருந்தது. இன்றும் அந்தக் குப்பியைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

முதலில் படம் எடுங்கள், வரையுங்கள், எண்ணுங்கள். பிறகு ஒரே ஒரு கையையும் ஒரு சிர்ரஸையும் மட்டும் வெட்டி வாட்ச் கிளாஸில் வைத்து, சில சொட்டு பிளீச் விட்டு, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் பாருங்கள். மூட்டு தளர்ந்ததும் பலமுறை தண்ணீரில் அலசி, அடியிலிருந்து நுனிவரை கறுப்புத் தாளில் வரிசையாக அடுக்குங்கள். மீதி உடம்பு ஆல்கஹாலிலேயே இருக்கட்டும்.

எண்ணும்போது இன்னொரு கண்ணியும் உண்டு. விலங்கியலாளர் கார்ப்பென்டர் 1888இல் வெளியிட்ட சேலஞ்சர் கடலாய்வுப் பயண அறிக்கை போன்ற பழைய நூல்களில் சிசிஜி ஜோடி ஒரே துண்டாகவே எண்ணப்பட்டது. அங்கே 3, 8, 12 என்று இருப்பதுதான் நம்முடைய 3+4, 9+10, 14+15. இது தெரியாமல் புது இனம் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு வாரம் துள்ளிக்கொண்டிருந்தேன்.

கைகளை எண்ணிப் பெயர் வைப்பது

பத்துக் கைகள் பல குடும்பங்களில் உண்டு. ஒடிந்த கை திரும்ப முளைக்கும்.

நிறம்

நம்ப வேண்டாம். ஆல்கஹாலில் போட்டு மறுநாள் பாருங்கள், நிறம் கரைந்து போயிருக்கும்.

ஃபார்மலின்

நாள்பட நாள்பட அமிலமாகும், கால்சைட் கரையும். வேண்டாம்.

கிருஷ்ணகிரி கிரானைட்டில் புதைபடிவம் தேடுவது

குவாரியிலிருந்து யாராவது ஒரு துண்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு வருவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. நம் பக்கத்துப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. கடல் அல்லிகள் தோன்றியே 48 கோடி ஆண்டுதான் ஆகிறது. பஸ் ஏறி, பழைய கடல் படிவுகள் இருக்கும் அரியலூர் பக்கம் போங்கள்.

காம்பு இல்லாவிட்டால் இறகு நட்சத்திரம் என்பது

கடல் அல்லிகள் பலவற்றுக்குக் காம்பு உண்டு, வளர்ந்த இறகு நட்சத்திரத்துக்குக் கிடையாது. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் புதைபடிவமாகக் கிடைக்கும் சக்கோகோமா என்ற கடல் அல்லிக்கும் காம்பு கிடையாது, ஆனால் அதற்கு சிர்ரஸ் குழிகளோடு கூடிய சென்ட்ரோடார்சலும் கிடையாது. மறுபக்கம், இறகு நட்சத்திரமே குஞ்சுப் பருவத்தில் காம்போடுதான் வாழ்கிறது. அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் கிடைத்த அப்படியொரு குஞ்சை 1827இல் தனி இனமாகவே விவரித்தார் ஜான் வாகன் தாம்சன்; அது இறகு நட்சத்திரத்தின் இளம் பருவம் என்று 1836இல் அவரே திருத்தினார். வளர வளரக் காம்பின் உச்சித் துண்டு தடித்துச் சென்ட்ரோடார்சலாகும், கீழ்க்காம்பு கழன்றுவிடும்.

அரியலூர் பக்கம் காரை என்ற ஊரின் ஓடைகளில் புதைபடிவம் பொறுக்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். காம்புள்ள ஐசோகிரினிட் வகைக் கடல் அல்லிகளின் காம்புக் கணுக்களிலும் சிர்ரஸ் குழிகள் உண்டு. குழியைக் கண்டதும் சென்ட்ரோடார்சல் என்று எழுதிவிடுகிறார்கள். திருப்பிப் பாருங்கள். மேலும் கீழும் மூட்டு முகம் இருந்து, சுற்றிலும் ஒரே வரிசையில் ஐந்துக்கு மிகாமல் குழிகள் இருந்தால் அது காம்புத் துண்டு.

பையனின் பீக்கரில் பயன்படுகிற மாதிரி மிஞ்சியது சென்ட்ரோடார்சல் ஒன்றுதான். காரையில் பொறுக்கிய துண்டுகள் இருக்கும் தட்டில் அதையும் வைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்லியிருக்கிறேன்.